குரல் கொடுத்துவிட்டீர்கள், முகம் எப்போது?

பாரமவுண்ட் நிறுவனத்தில் ஸ்டார் ட்ரெக் தொடர்களுக்கும் படங்களுக்கும் நடிகர்களைத் தேர்வு செய்யும் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விண்வெளிக் கதையில் வில்லனாக வரும் கான் நூனியன் சிங் என்கிற பாத்திரத்தைப் பற்றி எழுதுகிறேன். அடுத்த முறை அவரைத் திரையில் கொண்டுவரும்போது அந்த வேடத்தை ஒரு சீக்கிய நடிகருக்குக் கொடுங்கள். இதுதான் என் கோரிக்கை. காரணத்தை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல அனுமதியுங்கள். என் நண்பன் ஒருவனுக்கு முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் பாக்கி வைத்திருக்கும் பதில் இது.

1988, கோடை விடுமுறை. சென்னைக்குப் பக்கத்தில் ஆவடி. நண்பனின் அப்பா ராணுவத்தில் ஹவில்தார். 1984 டெல்லிக் கலவரத்துக்குப் பிறகு மாற்றலாகி இங்கே வந்த சீக்கியக் குடும்பம். அவர்கள் வீட்டில் ஓர் இரவுக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்திருந்தோம். விடிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பதால் எடுத்து வந்த கேசட்டையெல்லாம் ஒரே ராத்திரியில் பார்த்து முடிப்பதுதான் வழக்கம். அன்று வந்தவை இரண்டு ஸ்டார் ட்ரெக் படங்கள். தொடரை முன்பே ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷனில் பார்த்துப் பழகியிருந்தோம். வேற்றுக்கிரகத்து ஸ்பாக்கின் கூர்மையான காதுகள் எங்களுக்குப் புதிதில்லை.

முதல் கேசட் 1982இல் வந்த, கான் பழிவாங்க வரும் படம். கானாக நடித்த ரிக்கார்டோ மொண்டல்பான் கையுறையைக் கழற்றி, முகமூடியை விலக்கி, அந்த நரைத்த நீள முடியோடு திரும்பி நிற்கும்போது வாயில் வைத்த பரோட்டாவை மெல்ல மறந்தோம். கான் நூனியன் சிங் என்ற பெயரை நாங்கள் சொன்னதும் நண்பனின் அப்பா அடுத்த அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "சிங்கா? முடி இருக்கு, தலைப்பாகை எங்கே?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டாவது கேசட் 1986இல் வந்த, திமிங்கிலங்களைத் தேடிக் காலத்தில் பின்னோக்கிப் போகும் படம். அதில் யார்க்டவுன் என்ற விண்கப்பலின் கேப்டன் திரையில் வந்து, கப்பலில் மின்சாரம் போய்விட்டது, சூரியப் பாய் ஒன்றை விரித்து உயிர் பிழைக்கப் பார்க்கிறோம் என்கிறார். நான் துள்ளி எழுந்துவிட்டேன். அது விஜய் அமிர்தராஜ். எங்கள் ஊர் டென்னிஸ்காரர். ஒரு நிமிடம்கூட வராத அந்தக் காட்சியை எத்தனை முறை ஓட்டினோம் என்று கணக்கில்லை. நிறுத்தி வைத்தால் அவர் முகத்தின் குறுக்கே வெள்ளைக் கோடுகள் நடுங்கும், அதையும் பார்த்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் நண்பன் சொன்னான்: "உங்க ஊர் ஆளுக்குக் கப்பலே குடுத்துட்டாங்கடா. எங்க ஆளு பேரு மட்டும்தான் இருக்கு, ஆளைக் காணோமே?"

அவன் கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டான். அதனாலேயே எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கான் முதன்முதலில் வந்த எபிசோடை நான் பார்த்தது பல வருஷம் கழித்து. 1967 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒளிபரப்பானது. பாட்டனி பே என்ற பழைய கப்பலில் உறைந்த தூக்கத்தில் கிடக்கும் மனிதர்களை எண்டர்பிரைஸ் என்ற விண்கப்பல் கண்டெடுக்கிறது. எண்டர்பிரைஸின் வரலாற்று அறிஞர் மார்லா மக்கிவர்ஸ் கண்ணாடிக்குள் கிடக்கும் தலைவனைப் பார்த்து, வட இந்தியப் பகுதியாக இருக்கும், சீக்கியராக இருக்கலாம் என்கிறார். 1992 முதல் 1996 வரை உலகத்தில் கால்வாசிக்கும் மேல் ஆட்சி செய்தவன் இவன் என்று பின்னால் ஸ்பாக் சொல்கிறார். கதையின் முதல் வரைவில் இந்தப் பாத்திரம் வட ஐரோப்பியன். திருத்தி எழுதும்போது இந்தியன் ஆனான். திருத்தியவர்கள் செய்தது பெரிய காரியம் என்றே நினைக்கிறேன். அறுபதுகளின் அமெரிக்கத் தொலைக்காட்சியில், மரபணுவிலேயே மேம்படுத்தப்பட்ட, உலகின் ஆகச் சிறந்த மனிதன் ஒரு பஞ்சாபி என்று எழுதுவதற்கு மனம் வேண்டும்.

எழுதியவர்கள் அவ்வளவு தூரம் போனார்கள். நடிகரைத் தேடியவர்கள் பாதி வழியில் நின்றுவிட்டார்கள்.

மொண்டல்பான் மெக்சிகோவில் பிறந்தவர். அவர் நடிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. 1982 படத்தில் எண்டர்பிரைஸின் நாயகன் கிர்க்கும் கானும் ஒரே அறையில் ஒரு காட்சியில்கூடச் சந்திப்பதில்லை. திரை வழியாகப் பேசியே அத்தனை பகையையும் நமக்குள் ஏற்றிவிடுகிறார். லத்தீன் அமெரிக்க நடிகர்களுக்கு நியாயமான வேடங்கள் கிடைக்க வேண்டும் என்று 1970இல் 'நோசோத்ரோஸ்' என்ற அமைப்பைத் தொடங்கியதும் இதே மொண்டல்பான்தான். தன் மக்களை வேறொருவர் வேடம் கட்டிக் காட்டும்போது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. என் கோரிக்கையை அவருக்கு எதிரானதாகப் படிக்க வேண்டாம்.

அந்த எபிசோடில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. மார்லா ஓர் ஓவியர். தன் அறையில் கானின் உருவத்தைத் தீட்டி வைத்திருக்கிறார். அந்த ஓவியத்தில் கானின் தலையில் தலைப்பாகை இருக்கிறது. எதிரில் நடமாடும் கானின் தலையில் இல்லை. இன்னொரு காட்சியில் கான் மார்லாவிடம், ஏன் முடியை இப்படி வாரியிருக்கிறாய் என்று கேட்டு, கண்ணாடி முன்னால் நிறுத்தி, தன் கையாலேயே அவர் கூந்தலை மாற்றி அமைக்கிறார். முடியைப் பற்றி இவ்வளவு அக்கறை காட்டும் ஒரு சீக்கியன், தன் முடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. படம் எடுத்தவர்களில் யாருக்கும் அது தோன்றவில்லை. தோன்றியிருக்கக்கூடிய ஒருவர் அங்கே இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் காலை ஏழு மணிக்கு நண்பனைக் கூப்பிடப் போவேன். அவன் தயாராக இருக்க மாட்டான், அவன் அப்பா தயாராகிக்கொண்டிருப்பார். அவர் தலைப்பாகைத் துணி ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒரு முனையை என் கையில் கொடுத்துவிட்டு வாசல் வரை பின்னாலேயே நடந்து போவார். இரண்டு பேரும் மூலை பிடித்து இழுக்க வேண்டும். துணி விறைத்து நிற்கும். பிறகு நீளவாக்கில் மடிப்பு, அதன் மேல் மடிப்பு, கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு வரும். நான் தளர்த்தினால் மடிப்பு கோணும், ஒன்றும் சொல்லாமல் முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பித்தால், அடுக்கடுக்காக நெற்றியின் மேல் வந்து அமரும் வரை அவரிடம் யாரும் பேச முடியாது. வீட்டில் வேறு ஆள் இல்லாத நாட்களில் கதவுக் கைப்பிடியில் முனையைக் கட்டிக்கொள்வாராம். ஆள் பிடித்தால்தான் நன்றாக வரும் என்பார்.

இதைத் தினமும் செய்து வளர்ந்த ஒரு நடிகர் 1967இல் அந்தப் படப்பிடிப்புத் தளத்தில் இருந்திருந்தால் இயக்குநரிடம் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பார். இருநூறு வருஷத் தூக்கத்திலிருந்து எழுந்த என் தலையில் ஏன் துணி இல்லை? மரபணுவை மாற்றியவர்கள் முடியையும் வெட்டிவிட்டார்களா? நானே வெட்டினேனா? வெட்டினேன் என்றால், என் பாட்டன் பூட்டன் விட்டுவிடாமல் காத்ததை நான் ஏன் விட்டேன்? இந்த மூன்று கேள்விக்கும் எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தப் பாத்திரம் இன்னும் ஒரு ஆழம் கூடியிருக்கும். தன்னை மனிதருக்கு மேலானவன் என்று நம்பும் ஒருவன், எல்லா மனிதரும் ஒன்று என்று சொன்ன குருக்களின் வழியில் வந்தவன். அந்த முரண்பாட்டை வைத்து ஒரு முழு எபிசோடே எழுதலாம். யாரும் எழுதவில்லை.

நடிகர்கள் வசனத்தை மட்டும் கொண்டுவருவதில்லை என்பது உங்கள் தொடருக்குத் தெரியாததா? விரல்களை இரண்டிரண்டாகப் பிரித்து ஸ்பாக் வணக்கம் சொல்வது எங்கிருந்து வந்தது? ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமோய் பாஸ்டனில் சிறுவனாக இருந்தபோது யூதக் கோயிலில் குருமார்கள் ஆசி வழங்கும்போது விரல்களை அப்படி வைப்பதைப் பார்த்திருக்கிறார். பார்க்கக் கூடாது என்று சொல்லியும் எட்டிப் பார்த்திருக்கிறார். 1967இல் ஸ்பாக்கின் வல்கன் கிரகத்து மக்களுக்கு ஒரு வணக்கம் தேவைப்பட்டபோது அதை எடுத்துக் கொடுத்தார். கப்பலை ஓட்டும் சுலு வாளோடு ஓடும் எபிசோடில் ஜப்பானியன் என்றால் சாமுராய் வாள்தான் என்று முதலில் யோசித்தார்கள். சுலுவாக நடித்த ஜார்ஜ் டக்கேதான் மேற்கத்திய வாள்வீச்சை வைத்துக்கொள்ளலாம், எல்லா நாட்டுக் கலையும் எல்லோருக்கும் சொந்தமான காலம் அல்லவா இது என்று சொன்னார். உஹுரா என்ற பெயருக்குள் இருக்கும் சுவாஹிலி மொழியின் 'விடுதலை' என்ற சொல், அந்த வேடத்தில் நடித்த நிஷெல் நிக்கோல்ஸ் கையில் வைத்திருந்த ஒரு புத்தகத்தின் தலைப்பிலிருந்து வந்தது.

மார்ட்டின் லாண்டா ஸ்பாக் ஆகியிருந்தால்? உங்கள் தொடர் பிறந்த நாட்களில் அந்தப் பேச்சும் இருந்தது. லாண்டா வேறொரு உளவுத் தொடருக்குப் போனார். 1969இல் அவர் அதிலிருந்து விலகியபோது அந்த இடத்துக்கு நிமோயே போனார் என்பது ஒரு வேடிக்கை. லாண்டா மிக நல்ல நடிகர். அவரும் யூதர்தான். ஆனால் பாஸ்டன் கோயிலில் எட்டிப் பார்த்த பையன் அவரில்லை. முதல் மாதிரிப் படத்தில் கேப்டனாக இருந்த ஜெஃப்ரி ஹண்டர் இரண்டாவதற்கு வர மறுத்ததால்தான் வில்லியம் ஷாட்னர் கிர்க்காக வந்தார். மாற்றி யோசித்துப் பார்ப்பது ரசிகர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்காதீர்கள். உங்கள் தொடரே அப்படி மாறி மாறி யோசித்ததில் உருவானதுதான்.

ஆகவே நானும் நண்பனும் யோசித்தோம். இன்றும் போனில் யோசிக்கிறோம்.

1967க்கு எங்கள் தேர்வு தாரா சிங். அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த மல்யுத்த வீரர். அதே 1967இல் அவர் நிலாவுக்குப் போகும் ஓர் இந்திப் படத்தில் நடித்தார். ஒருவேளை பம்பாய்க்கு ஒரு கடிதம் போயிருந்தால் போதும். மேம்படுத்தப்பட்ட மனிதன் என்று அவரை நிறுத்தினால் யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள். படங்களில் அவரும் பெரும்பாலும் தலைப்பாகை இல்லாமல்தான் வந்தார். அதனால் என்ன, அது இல்லாமல் இருப்பது என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

1982க்குக் கபீர் பேடி. சீக்கியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் லாகூரில் பிறந்தவர். 1976இல் கடற்கொள்ளைக்காரர் வேடம் ஒன்றில் நடித்து இத்தாலி முழுவதையும் பைத்தியமாக அடித்தவர். ஹாலிவுட்டுக்கு அவரைத் தெரியாது என்று சொல்ல முடியாது. 1983இலேயே ஜேம்ஸ் பாண்ட் படத்தில் அவர் இருக்கிறார், விஜய் அமிர்தராஜும் இருக்கிறார். அதிலும் கமல் கான் என்ற எஜமான் வேடம் பிரெஞ்சு நடிகர் லூயி ஜோர்டானுக்குப் போயிற்று. தலைப்பாகை கட்டிய அடியாள் வேடம்தான் கபீர் பேடிக்கு வந்தது. அந்தத் தோளையும் குரலையும் வைத்துக்கொண்டு அவர் கிர்க்கை மிரட்டியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே மயிர்க்கூச்செறிகிறது.

2013இல் கானாக வந்தவர் பெனடிக்ட் கம்பர்பாட்ச். வெள்ளைத் தோல், ஆங்கிலேய உச்சரிப்பு, நூனியன் சிங் என்ற பெயர். பெயரையும் முகத்தையும் பொருத்துவதற்கு, முகத்தை மாற்றி, நினைவையும் அழித்துவிட்டார்கள் என்று பிறகு ஒரு சித்திரக் கதையில் விளக்கம் எழுத வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில் இர்ஃபான் கான் ஹாலிவுட்டில் நடித்துக்கொண்டிருந்தார். அவர் சீக்கியர் அல்லர் என்று நண்பனே முதலில் சொல்லிவிடுவான், சொல்லிவிட்டு அவரையே தேர்ந்தெடுப்பான். குரலை உயர்த்தாமல், கண்ணை மட்டும் கொஞ்சம் சுருக்கி, கண்ணாடிச் சிறைக்குள்ளிருந்து அவர் பேசியிருந்தால்! 2020இல் அவர் போய்விட்டார். அந்தக் கான் இனி இல்லை.

உங்கள் தரப்பில் ஒரு நியாயம் சொல்லப்பட்டதை அறிவேன். நகரத்தின் நடுவே குண்டு வைக்கும் ஒருவனைப் பழுப்புத் தோலோடு காட்ட மனம் வரவில்லை என்பது அது. இதை நான் தட்டிவிடப் போவதில்லை. 2001 செப்டம்பரில், கோபுரங்கள் விழுந்த நான்காம் நாள், அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி தன் பெட்ரோல் நிலைய வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைப்பாகையைப் பார்த்து ஆளை முடிவு செய்தவனின் கை அது. 2012 ஆகஸ்டில் விஸ்கான்சின் மாநிலத்து ஓக் க்ரீக் குருத்வாராவுக்குள் ஒருவன் புகுந்து ஆறு பேரைச் சுட்டுக் கொன்றான். உங்கள் படம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். பயந்தது சரிதான்.

ஆனால் பயத்துக்குக் கண்ட மருந்து சரியில்லை. சீக்கிய வில்லன் ஆபத்து என்றால், அதே படத்தில் சீக்கியப் பொறியாளர் ஒருவரை, சீக்கிய மருத்துவர் ஒருவரைச் சேர்த்திருக்கலாம். கப்பலை ஓட்டும் இருக்கையில் தலைப்பாகையோடு ஒருத்தர் உட்கார்ந்திருந்தால், எதிரே நிற்கும் கான் ஒரு தனி மனிதன் ஆகிவிடுவான், ஓர் இனத்தின் முகமாக இருக்க மாட்டான். நீங்கள் சேர்க்கவில்லை, இருந்த ஒருவனையும் எடுத்துவிட்டீர்கள். நான் பார்த்த வரையில் இத்தனை தொடர்களின் முன்வரிசைப் பாத்திரங்களில் தலைப்பாகை கட்டிய ஒருவர்கூட இல்லை. 2009 படத்தின் தொடக்கத்தில் பாகிஸ்தான் வம்சாவளி நடிகர் ஃபரான் தாஹிர் கெல்வின் கப்பலின் கேப்டனாக வந்து உயிரைக் கொடுத்தார். அந்த மாதிரிக் கதவு திறக்கத் தெரிந்தவர்கள்தான் நீங்கள்.

1967இன் கான் மலிவான வில்லனும் அல்ல. அவனை எதிர்த்துக்கொண்டே வியக்கவும் முடிகிறது என்று கிர்க்கும் கப்பலின் பொறியாளர் ஸ்காட்டியும் மேஜையில் உட்கார்ந்து பேசுகிறார்கள். கடைசியில் கிர்க் அவனைச் சிறைக்கு அனுப்பாமல் ஒரு காட்டுக் கிரகத்தைக் கொடுத்து, முடிந்தால் ஆண்டுகொள் என்று விட்டுவிடுகிறான். அப்படிப்பட்ட வேடத்தைக் கொடுப்பதில் எந்தச் சமூகத்துக்கும் இழிவு இல்லை.

இப்போது நம்பிக்கை வைக்கக் காரணம் இருக்கிறது. 2023இல் ஓர் எபிசோடில் டொரோண்டோவில் சிறுவனாக இருக்கும் கானைக் காட்டினீர்கள். அந்தப் பையன் வளர்ந்துதானே ஆக வேண்டும்? 2025இல் கானின் நாடுகடத்தப்பட்ட வருஷங்களை ஒலி நாடகமாக்கி, கானின் குரலை நவீன் ஆண்ட்ரூஸுக்குக் கொடுத்தீர்கள். கேரளத்துப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்தவர். 1996இல் போர்க்காலப் படமொன்றில் கிர்பால் சிங் என்ற சீக்கிய வெடிகுண்டு வல்லுநராகத் தலைப்பாகையோடு நடித்தவர், நீண்ட முடியை அவிழ்த்துக் கழுவும் காட்சியில் கண்ணை எடுக்க முடியாமல் செய்தவர். அவரைத் தேடிப் பிடித்ததற்கு நன்றி. காதில் கேட்டுக்கொண்டே, இவரை ஏன் பார்க்க முடியவில்லை என்று தவித்தேன்.

நேரிடையாகச் சில வேண்டுகோள்கள். இளைஞன் கானுக்கு ஆள் தேடும்போது லாஸ் ஏஞ்சலஸோடு நின்றுவிடாதீர்கள். கனடாவின் பிராம்ப்டனிலும் லண்டனின் சவுத்தாலிலும் அமிர்தசரஸிலும் அறிவிப்பு வையுங்கள். பெயர் பெற்ற நடிகராக இருக்க வேண்டியதில்லை. நிமோயும் டக்கேயும் நிக்கோல்ஸும் அப்போது அப்படிப் பெயர் பெற்றவர்களா என்ன? 1973இல் கார்ட்டூன் தொடருக்கு நிக்கோல்ஸையும் டக்கேயையும் விட்டுவிட்டு ஆள் சேர்த்தபோது, அவர்கள் இல்லாமல் நான் வர மாட்டேன் என்று நின்றவர் நிமோய். அப்படி நிற்க உங்கள் குழுவில் ஒருவர் இருந்தால் போதும். தேர்வானவரைத் திரைக்கதை எழுதுபவர்களின் அறைக்குள்ளும் உட்கார வையுங்கள். அவர் கேட்கும் கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். இன்னும் ஒன்று, அதே கப்பலில் இன்னொரு சீக்கியருக்கு ஒரு வேலை கொடுங்கள், நல்ல வேலையாக.

நண்பன் இப்போது பிராம்ப்டனில் இருக்கிறான். அவன் அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. தலைப்பாகைத் துணியின் மறுமுனையைப் பிடிக்க மகன் இருக்கிறான், பதினான்கு வயது, அவனும் ஸ்டார் ட்ரெக் பார்க்கிறான். கான் எபிசோடைப் பார்த்துவிட்டு அவனும் அதே கேள்வியைத்தான் கேட்டானாம்.

பாட்டனி பேயில் கான் கண் விழிக்கும் காட்சியை என்றைக்காவது மறுபடி எடுத்தால், மார்லாவின் ஓவியத்தில் இருக்கும் துணியைக் கானின் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் ஒரு முனையை நீட்டட்டும். மார்லா என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கட்டும். தளர்த்தினால் மடிப்பு கோணும், அதை மட்டும் அந்த நடிகையிடம் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆவடியிலிருந்து ஒரு ரசிகன்